விரல் ஒடிந்தால் கட்டுப் போடும் முன் எக்ஸ்ரே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள் நான். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். இடது கை ஆள்காட்டி விரல் இல்லாமல் அந்த வேலை ஓடாது. அந்த விரலின் அடிப்பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது. வலி இல்லை. "வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ஒருநாள் குடத்தை இறக்கும்போது குழாயில் லேசாகத் தட்டியது, விரல் ஒடிந்துவிட்டது.

முட்டைப்பத்துப் போடச் சொன்னார்கள். என் தம்பிதான் பிடிவாதமாக எக்ஸ்ரே எடுக்க வைத்தான். எலும்புக்குள்ளே கறுப்பாக ஒரு பள்ளம், அதில் வெள்ளைப் புள்ளிகள். சுற்றியிருந்த எலும்பு முட்டை ஓடாக மெலிந்திருந்தது. குருத்தெலும்புக் கட்டி, 'என்காண்ட்ரோமா' என்றார் டாக்டர். கட்டி என்றதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கை எலும்பில் அதிகம் வருவது இந்தக் கட்டிதான், புற்றுநோய் இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

வெறும் கட்டுப் போட்டிருந்தால் ஒடிந்த எலும்பு ஒட்டியிருக்கும், ஆனால் கட்டி உள்ளேயே இருந்திருக்கும், விரல் மறுபடி ஒடிந்திருக்கலாம். எனக்கு எலும்பு ஒட்டும்வரை காத்திருந்து, அப்புறம் கையையும் இடுப்பில் எலும்பு எடுக்கும் இடத்தையும் மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் செய்தார்கள். எலும்பில் சின்னதாக வழி திறந்து, உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்குகளால் பள்ளத்தை நிரப்பினார்கள். சுரண்டியதைப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். சாதாரணக் கட்டி என்றே முடிவு வந்தது. பிறகு விரலை மடக்கி நீட்டும் பயிற்சி. நன்றாகவே வலிக்கும், ஆனால் விட்டுவிட்டால் விரல் விறைத்துப்போகும். இப்போது பழையபடி முடிச்சுப் போடுகிறேன்.

எல்லாக் கட்டிக்கும் கத்தி தேவையில்லை. சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டாலே போதும். ஆனால் பல விரல்களில் புடைப்பு வந்தால், அதுவும் பிள்ளைகளுக்கு என்றால், தள்ளிப்போடாதீர்கள். அந்த வகை பின்னாளில் புற்றாக மாறும் வாய்ப்பு அதிகம், தொடர்ந்து டாக்டரிடம் காட்டிவர வேண்டும்.

எங்கள் பகுதி மருத்துவ முகாம்களில் சர்க்கரை, பிரஷர், கண் எல்லாம் பார்க்கிறார்கள். முடிச்சுப் போடுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் கைகளைத் தடவிப் பார்க்க ஒரு எலும்பு மருத்துவரையும் அனுப்புங்கள். புடைப்பு இருப்பவர்களை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தாலே எங்களுக்குப் பெரிய உதவி.

– ஒரு வாசகி, வில்லாபுரம், மதுரை.