குவாங்ஜாங் சந்தையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு

நான் சைவம். கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ் ஊறுகாய்தானே என்று சியோலில் இரண்டு நாள் வெளுத்துக்கட்டியிருந்தேன். மூன்றாம் நாள் குவாங்ஜாங் சந்தை. பாசிப்பயறை அரைத்து எண்ணெயில் பொரிக்கும் பிந்தேத்தோக் கடை (நம்ம பெசரட்டின் குண்டுத் தங்கை). கறி வேண்டாம் என்று கடைக்காரம்மாவிடம் சைகையில் சொல்லித் தோற்றபோது, நீங்கள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தீர்கள்.

நீங்கள் பேசியதும் பன்றிக்கறி இல்லாமல் வந்தது. கிம்ச்சித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, செல்போனில் இறால் படத்தைக் காட்டினீர்கள். உப்பிட்ட இறால் சேர்த்துத்தான் ஊறவைப்பார்களாம்! என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டீர்கள்.

பிறகு நாப்கினில் கொரிய மொழியில் 'கறி, மீன், இறால் சாப்பிடமாட்டேன்' என்று எழுதி, எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தீர்கள். 'ம்' ஒலிக்கு ஒரு சின்னச் சதுரம். வாயின் வடிவம் அது என்று உதட்டைத் தொட்டுக் காட்டினீர்கள். 1443இல் கொரிய எழுத்தை உருவாக்கிய மன்னர் செஜோங் இதையெல்லாம் யோசித்திருக்கிறார். எங்கள் 'ம'வை நான் வரைந்ததும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தீர்களே!

மிச்சப் பயணம் முழுக்க அந்த நாப்கின்தான் எனக்குச் சோறு போட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை. கம்சாஹம்னிதா (நன்றி), அக்கா.