சீட்டே இல்லாத வண்டிக்கு சீட் போட்டோ கேட்கிறீர்கள்: ஒரு புகார் கடிதம்

செம்பூர், மும்பை
22.5.2025

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர், தலைமை அலுவலகம், சென்னை

பொருள்: 8.3.2025 அன்று டெலிவரி எடுத்த ஃப்ரீஸ்டைல் ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கீயின் (தண்ணீரில் நின்றபடி ஓட்டும் வண்டி) கப்ளர் (இன்ஜினையும் ஷாஃப்ட்டையும் நடுவில் ரப்பர் வைத்து இணைக்கும் பாகம்) அலைன்மென்ட் கோளாறு, வாரண்டி மறுப்பு குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் எட்டாவது கடிதம். முதல் ஏழையும் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பினேன். ஏழுக்கும் புகார் எண் போட்ட தானியங்கிப் பதில்தான் வந்தது. பணம் வாங்கும் வரை உங்கள் ஆட்கள் என்னிடம் தமிழில்தான் பேசினார்கள், அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். யாராவது ஒரு மனிதர் இதைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

வண்டி எது என்று உங்களுக்குத் தெரியும். யமஹா சூப்பர்ஜெட்டின் 701 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜினை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கார்பன் ஃபைபர் ஹல்லில் (வண்டியின் உடல்) உங்கள் பட்டறையிலேயே பொருத்தி, ஓட்டத் தயார் என்று எழுதிக் கொடுத்து விற்றீர்கள். வரியெல்லாம் சேர்த்து 16,40,000 ரூபாய். ஹல்லுக்கு ஒரு வருடம், இன்ஜினின் சுழற்சியைக் கடத்தும் டிரைவ்லைனுக்கு ஆறு மாதம் வாரண்டி. 2021-ல் சூப்பர்ஜெட் ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறிவிட்டது, இனிமேல் எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் வேண்டுமென்றால் இப்படிக் கட்டிய வண்டிதான் வழி என்று உங்கள் விற்பனை மேலாளர்தான் எனக்குச் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. அதை நம்பித்தான் வாங்கினேன்.

வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மே 6-ம் தேதி நடந்ததை முதலில் சொன்னால்தான் மற்றதை எழுத முடியும் போலிருக்கிறது.

அன்று உங்கள் சேவை எண்ணை அழைத்து, தமிழுக்கு 4-ஐ அழுத்தி, நாற்பது நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் ஓர் இளைஞர் எடுத்தார். நம் ஊர்க் குரல் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அவர் சொன்னார்: “சார், கிளைம் ஃபார்ம்ல சீட் போட்டோ இல்ல. அதான் ரிஜெக்ட் ஆயிருக்கு.” தம்பி, இது நின்று ஓட்டுகிற வண்டி, இதில் சீட்டே கிடையாது என்றேன். “சீட் இல்லாம எப்படி சார் ஓட்டுவீங்க? கழட்டிட்டீங்கன்னா அது மாடிஃபிகேஷன். வாரண்டி வராது.”

பொறுமையாகத்தான் விளக்கினேன். பின்னால் தட்டையான ட்ரே இருக்கும், அதில் நின்றுகொண்டு, முன்னால் கீல் போட்ட ஹேண்டில் போலைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்றேன். கவாசாகி 1973-ல் ஜெட் ஸ்கீ என்ற பெயரில் முதன்முதலாக விற்றதே நின்று ஓட்டும் வண்டிதான், உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான் என்றும் சொன்னேன். உங்கள் நிறுவனத்தின் பொருளை உங்கள் நிறுவனத்துக்கே நான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: “இவ்ளோ காசு போட்டு விளையாட்டுச் சாமான் வாங்கத் தெரியுது, ஒரு ரப்பர் வாங்கிப் போட்டுக்கத் தெரியாதா?” போனை வைத்துவிட்டார்.

இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஆரம்பத்தில் உங்கள் இயந்திரமே சொன்னது. மே 6, காலை 11:20-க்குப் போட்ட அழைப்பு. எடுத்துக் கேளுங்கள்.

விளையாட்டுச் சாமான்தான் ஐயா, நான் மறுக்கவில்லை. தூத்துக்குடியில் படித்துவிட்டு வணிகக் கப்பலில் ஏறிப் பதினேழு வருடம் ஆகிறது. இப்போது செகண்ட் இன்ஜினியர். முதல் கப்பலில் பயிற்சியில் இருந்தபோது, ஜப்பான் கரையோரம் நங்கூரம் போட்டிருந்த ஒரு மாலையில், ஒருவர் இந்த வண்டியில் நின்றபடி அலையில் எழும்பித் தலைகீழாகச் சுழன்று இறங்குவதைப் பார்த்தேன். அன்று மனதில் விழுந்த ஆசை. கொதிக்கிற இன்ஜின் அறையில் நின்று, பிள்ளையின் பிறந்தநாளுக்கெல்லாம் வீட்டில் இல்லாமல், சேர்த்த பணம் அது. உங்கள் ஊழியருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மரியாதை தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கோளாறுக்கு வருகிறேன்.

அலிபாக் பக்கம் நாகாவ் கடற்கரையில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து வண்டியை வைத்திருக்கிறேன். முதல் நாளிலிருந்தே பாதி த்ராட்டிலில் ட்ரேயில் ஓர் அதிர்வு வந்தது. காலடியில் தெரிந்தது. மூன்றாவது முறை ஓட்டிவிட்டு வந்து ஹுட்டைத் திறந்தபோது, கப்ளருக்கு அடியில் மிளகுப்பொடி மாதிரி கறுப்பாக ரப்பர்த் தூள் கொட்டிக் கிடந்தது. இன்ஜின் கப்ளருக்கும் மிட்ஷாஃப்ட் கப்ளருக்கும் நடுவில் இருக்கும் டேம்பர் ரப்பர் அரைபடுகிறது என்றால் இரண்டும் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பழைய இன்ஜினைப் புது ஹல்லில் உட்கார வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய வேலையே அதுதான். கப்பலில் ஒரு பம்பைக் கழற்றி மாட்டினால், கப்ளிங்குக்கு டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்காமல் நாங்கள் மோட்டாரைத் தொட விடமாட்டோம்.

அன்றைக்கே, மார்ச் 23-ம் தேதி, அந்தத் தூளைப் போட்டோ எடுத்து உங்கள் சர்வீஸ் பிரிவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வந்த பதில்: “புது வண்டியில் அப்படித்தான் இருக்கும் சார், ஓட ஓட செட் ஆகிவிடும்.” அந்தப் பதில் இன்னமும் என் போனில் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்: உடைவதற்கு ஆறு நாள் முன்பே நான் சொல்லிவிட்டேன். ஓட்டச் சொன்னது நீங்கள்.

மார்ச் 29, சனிக்கிழமை காலை, கரையிலிருந்து இருநூறு மீட்டர் இருக்கும். அதிர்வு திடீரென்று அதிகமானது. டேம்பர் கிழிந்து, ஆடிய ஷாஃப்ட் பேரிங் ஹவுசிங்கின் சீலைக் கிழித்து, அந்த வழியாகக் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பால் சமாளிக்க முடியவில்லை. லேன்யார்டை, அதாவது இன்ஜினை நிறுத்தும் கயிற்றை, பிடுங்கி அணைத்தேன். இந்த வண்டி ஓடும்போதுதான் நிமிர்ந்து நிற்கும், ஓட்டம் நின்றுவிட்டால் ஆளைச் சாய்த்துத் தள்ளிவிடும். மூக்கு மட்டும் வெளியே தெரிய மிதந்த ஹல்லைப் பிடித்துக்கொண்டு, கரைக்காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போக, இருபத்தைந்து நிமிடம் தண்ணீரில் கிடந்தேன். சுற்றுலாக்காரர்களுக்கு பனானா ரைடு ஓட்டும் மராத்திப் பையன்கள் படகில் வந்து கயிறு கட்டி இழுத்திருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை என் மனைவிதான் எழுதியிருப்பார்.

இதற்கு அப்புறம் நீங்கள் செய்ததைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் தனி ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் கிராங்க் பேரிங்குக்கு மசகு. உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்தால் நேராக அந்த பேரிங்கில்தான் போய் நிற்கும். சில மணி நேரத்துக்குள் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியே தள்ளி, ஆயில் விட்டு, முடிந்தால் இன்ஜினை ஓடவிட்டுக் காய வைக்க வேண்டும். கரையில் ஈரம் சொட்ட நின்றுகொண்டே உங்களைக் கூப்பிட்டேன். பிளக்கைக்கூடத் தொடாதீர்கள், தொட்டால் வாரண்டி போய்விடும், இரண்டு நாளில் டெக்னிஷியன் வருவார் என்றார்கள். பதினேழு வருடம் இன்ஜினோடு வாழ்ந்தவனை, கண்ணெதிரே ஓர் இன்ஜின் துருப்பிடிப்பதைக் கைகட்டிப் பார்க்க வைத்தீர்கள். அன்று இரவு ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை பொறுக்க முடியாமல் பிளக்கைக் கழற்றினேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆயில் விட்டு மூடினேன். வண்டி உடைந்து இன்றோடு 54 நாள். டெக்னிஷியன் வரவில்லை. ஆனால் உங்கள் மறுப்புக் கடிதத்தில் ‘வாடிக்கையாளர் இன்ஜினைத் திறந்துள்ளார்’ என்று அதைத்தான் முதல் காரணமாக எழுதியிருக்கிறீர்கள்.

ஏப்ரல் 19-ம் தேதியை மறந்துவிட்டேன். டெக்னிஷியன் வர முடியாது, வண்டியை நவி மும்பை துர்பே பட்டறைக்குக் கொண்டுவாருங்கள் என்று எஸ்எம்எஸ் அனுப்பினீர்கள். 9,500 ரூபாய்க்கு டெம்போ பிடித்தேன். நாகாவிலிருந்து வட்கள், பேண், பன்வேல் வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வட்கள் சந்திப்பில் மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஹல்லில் கீறல் விழக்கூடாது என்று வீட்டு மெத்தையைக் கொண்டுபோய் அடியில் போட்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டரை. கேட் பூட்டியிருந்தது. டெம்போ ஓட்டிவந்தவர் தாராவியில் இருக்கும் திருநெல்வேலிக்காரர், இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அண்ணாச்சி, பூட்டே துருப்பிடிச்சிருக்கு” என்றார். பட்டறை ஜனவரியிலேயே பிவண்டிக்குப் போய்விட்டது என்று பக்கத்து கம்பெனி வாட்ச்மேன் சொன்னார். ஜனவரியில் காலி செய்த இடத்துக்கு ஏப்ரலில் என்னை வரச் சொல்லியிருக்கிறீர்கள்! உங்கள் எண்ணை ஒன்பது முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. வந்த வழியே திரும்பினோம்.

மறுப்புக் கடிதத்தின் இரண்டாவது காரணம் ‘ஸ்டண்ட் செய்ததால் ஏற்பட்ட சேதம்’. உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒருவர் இதே ஹல்லில் தண்ணீருக்கு மேலே தலைகீழாக இருக்கிறார். ட்ரேயில் கால் செருகும் ஃபுட்ஹோல்டு வைத்து விற்றது வேறு எதற்கு? இதில் என்ன கொடுமை என்றால், நான் இன்னும் பேக்ஃப்ளிப் (பின்பக்கக் குட்டிக்கரணம்) பக்கமே போகவில்லை. மொத்தம் நான்கே முறை ஓட்டியிருக்கிறேன். மூக்கைத் தண்ணீருக்குள் குத்தி எழும்பப் பழகிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். குதித்ததால் உடைந்திருந்தால் ஹல்லில் அடிபட்ட தடம் இருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. மறுப்பு வந்த பிறகு நானே கப்ளர் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர் விளிம்புச் சட்டம்) வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒட்டி நிற்கிறது, எதிர்ப்பக்கம் 1.5 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) சுலபமாக நுழைகிறது. நான்கு இன்ஜின் மவுண்ட்டில் ஒன்றின் அடியிலும் ஷிம் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இல்லை. வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன்.

எனக்கு ஆன நஷ்டம் வெறும் ரப்பர் அல்ல. எனக்குக் கிடைத்த விடுமுறையே மூன்று மாதத்துச் சொச்சம். ஜூன் 14-ம் தேதி கப்பல் ஏறுகிறேன். மே கடைசியில் கொங்கண் கரையில் நீர் விளையாட்டை நிறுத்திவிட்டால், ஆகஸ்ட் முடியும் வரை கடலில் இறங்க முடியாது. திரும்பி வந்து மறுபடி வண்டியைத் தொட அடுத்த வருடம் ஆகிவிடும். பதினேழு வருடக் காத்திருப்பை நான்கே சவாரியில் முடித்துவைத்துவிட்டீர்கள்.

உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. இந்த நாட்டில் இப்படி ஒரு வண்டியைக் கட்டித் தர ஆட்கள் குறைவு, நீங்கள் நன்றாக இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்கும் நல்லது. எனவே பணிவுடன் கேட்கிறேன். வண்டியை உங்கள் செலவில் எடுத்துச் சென்று, கிராங்க், பேரிங் ஹவுசிங், டேம்பர் மூன்றையும் புதிதாகப் போட்டு, அலைன்மென்ட் அளவை எழுத்தில் கொடுத்து, ஷெட்டில் கொண்டுவந்து விடுங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். டெம்போ வாடகை 9,500 தனி. மே 6-ம் தேதி பேசியவரிடமிருந்து ஒரு வருத்தக் கடிதமும் வேண்டும்.

ஜூன் 6-க்குள் பதில் வராவிட்டால் நான் காத்திருக்கப் போவதில்லை. 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், அதனால் உங்கள் அலுவலகம் சென்னையில் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. பாந்த்ராவில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. விலை 50 லட்சத்துக்குள் என்பதால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. இது என் சொந்த உபயோகத்துக்கு வாங்கியது, வாடகைக்கு விட அல்ல என்பதற்கு ஷெட் ஒப்பந்தமே சாட்சி. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் சேர்த்துக் கேட்பேன். அந்தப் ‘புது வண்டியில் அப்படித்தான் இருக்கும்’ வாட்ஸ்அப் செய்திதான் முதல் ஆவணமாக இருக்கும்.

நான் கடலில் இருக்கும்போது போன் கிடைக்காது. எல்லாத் தாள்களும் என் மனைவியிடம் இருக்கின்றன, அவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஜூன் 14-க்குப் பிறகு அவரிடம் பேசுங்கள். மே 6-ம் தேதி என்னிடம் பேசியவரை மட்டும் தயவுசெய்து அவரை அழைக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்,
செம்பூர், மும்பை

இணைப்பு: ரசீது, மார்ச் 23 வாட்ஸ்அப் உரையாடல், ஏப்ரல் 19 எஸ்எம்எஸ், டெம்போ ரசீது, கப்ளர் வீடியோ