‘பீத்தோவன் தெருவில் செத்த புறா’ படத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பார்வையாளர்களுக்கு,

அமெரிக்க இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சிக்காக எடுத்துக்கொடுத்த ‘பீத்தோவன் தெருவில் செத்த புறா’ படத்துக்குப் பத்தில் மூன்று கொடுப்பவர்களும் நீங்கள்தான், ஒன்பது கொடுப்பவர்களும் நீங்கள்தான். மூன்று கொடுப்பவர் “கதை புரியவில்லை, நடிப்பு மரம், செலவில்லாமல் எடுத்தது பச்சையாகத் தெரிகிறது” என்கிறார். ஒன்பது கொடுப்பவர் “ஃபுல்லர் படம் என்றால் இப்படித்தான்” என்று முடித்துவிடுகிறார். இரண்டு பேரும் ஒரு விவரத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள்: பார்த்தது எந்தப் பதிப்பு, எந்த மொழியில், எத்தனை நிமிடம். இந்தப் படத்தைப் பொறுத்தவரை அந்த மூன்றும் தெரியாவிட்டால் மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

முதலில் பதிப்புகள். ஜெர்மன் மக்கள் இதைப் பார்த்தது 1973 ஜனவரி 7, ஞாயிறு இரவு, ஏஆர்டி அலைவரிசையில், ‘டாட்டோர்ட்’ என்ற துப்பறியும் தொடரின் 25-ஆம் படமாக. அதை நீளம் குறைத்துத்தான் ஒளிபரப்பினார்கள். அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போன ஆங்கிலப் பதிப்பும் சுருங்கியதுதான். ஃபுல்லர் நினைத்த முழு நீளப் பதிப்பை யுசிஎல்ஏ திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்து 2015-இல் திரையிட்டது. மறு ஆண்டு ஆலிவ் ஃபிலிம்ஸ் அதைப் புளூரே வட்டாக வெளியிட்டது. முழுப் பதிப்பு இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். தொலைக்காட்சிப் பதிப்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இடையில் போனது ஏறக்குறைய 25 நிமிடம். ஐந்தில் ஒரு பங்கு படம்.

உங்கள் கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கண்கள் பெரிதாகத் தெரிந்து, குறுக்குக்கோடு விழுந்து, கால்கள் ஓடி, கிளாவுஸ் டோல்டிங்கரின் இசையோடு தொடங்கினால் அது தொலைக்காட்சிப் பதிப்பு. அந்த முகப்பு ‘டாட்டோர்ட்’ தொடங்கிய 1970 முதல் பெரிய மாற்றமில்லாமல் ஓடுகிறது. அது இல்லாமல் தொடங்கினால் ஓடும் நேரத்தைப் பாருங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஐந்து நிமிடம் குறைந்தால் உடனே “காட்சியை வெட்டிவிட்டார்கள்” என்று எழுதுகிறார்கள். திரையரங்கில் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்), ஐரோப்பியத் தொலைக்காட்சியில் 25. 24-இல் ஓட வேண்டியதை 25-இல் ஓட்டினால் ஒரு சட்டகம்கூட விழாமலேயே படம் 4 சதவீதம் சுருங்கும். 120 நிமிடம் 115 நிமிடம் 12 நொடியாகிவிடும். குரலும் இசையும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு மேலே போகும். 25-க்கு எடுத்ததை 24-இல் ஓட்டினால் நேர் எதிராக, படம் நீண்டு குரல் கனக்கும். ஆகவே 24-இல் ஓடும் பிரதியின் நீளத்தை 0.96-ஆல் பெருக்கி 25-இல் ஓடும் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வெட்டு என்று எழுதாதீர்கள். காது பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. படத்துக்கு இசை கொடுத்தது கொலோன் நகரத்துக் கேன் குழு. அதில் வரும் ‘விட்டமின் சி’ பாட்டு 1972-இல் வந்த அவர்களுடைய ‘ஏகே பாம்யாசி’ தட்டிலும் இருக்கிறது. தட்டில் யாக்கி லீபெட்சைட்டின் டிரம்ஸ் ஓடும் வேகத்தையும் உங்கள் பிரதியில் ஓடும் வேகத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேறுபாடு உடனே பிடிபடும்.

மொழிக்கு வருவோம். இந்தப் படம் ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டு ஜெர்மனில் டப்பிங் செய்யப்பட்டது. “உதடு ஒட்டவில்லை, ஆகவே மட்டமான நடிப்பு” என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கேட்டது டப்பிங் குரலைத்தான். டப்பிங் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாததல்ல. ப, ம போன்ற உதடு மூடும் ஒலி எங்கே விழுகிறதோ அங்கே மொழிபெயர்ப்பிலும் அப்படி ஒரு ஒலி விழ வேண்டும். விழாவிட்டால் எவ்வளவு நல்ல நடிகரும் பொம்மை மாதிரித்தான் தெரிவார். ஆங்கில ஒலித்தடத்தில் ஜெர்மன் நடிகர்கள் தங்களுக்கு அந்நியமான மொழியைத் தயங்கித் தயங்கிப் பேசுவது கேட்கும். அந்தத் தயக்கம் கதைக்குள் இருக்கிறது: ஊர் தெரியாத, மொழி தெரியாத ஓர் அமெரிக்கத் துப்பறிவாளன் பான் நகருக்கு வந்து மாட்டிக்கொள்கிறான். டப்பிங்கில் எல்லோரும் சரளமாக ஜெர்மன் பேசும்போது அந்த அந்நியத்தன்மை முழுக்கக் காணாமல் போகிறது. அதே படத்துக்குள் ஒரு திரையரங்கில் ‘ரியோ பிராவோ’ என்ற அமெரிக்கக் கௌபாய் படம் ஜெர்மன் டப்பிங்கில் ஓட, கதாநாயகன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஜான் வெய்ன் வாயிலிருந்து ஜெர்மன் வருகிறது. ஆங்கிலப் பதிப்பில் அது நல்ல சிரிப்புக் காட்சி. கதாநாயகனே ஜெர்மன் பேசும் பதிப்பில் அங்கே சிரிக்க எதுவும் மிஞ்சாது.

இனி நீங்கள் சொல்லும் குறைகள். நியாயமானவை எவை, அல்லாதவை எவை என்று பார்த்துவிடலாம்.

மிக நியாயமான குறை அன்றைய ஜெர்மன் பார்வையாளருடையது. ‘டாட்டோர்ட்’டில் ஒவ்வொரு மாநில ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் தனித் துப்பறிவாளர் உண்டு. கொலோனின் டபிள்யூடிஆருக்கு அன்று சுங்கத்துறை அதிகாரி கிரெஸின். வோல்ஃப்காங் மெங்கே உருவாக்கிய பாத்திரம், ஆஸ்திரிய நடிகர் ஸீக்ஹார்ட் ருப் நடித்தது. பெண்களைச் சுற்றும் மிடுக்கான ஆள், மக்களுக்குப் பிடித்தவர். மொத்தம் ஏழு படம். மற்ற ஆறின் தலைப்பிலும் கிரெஸின் பெயர் இருக்கிறது, ஃபுல்லர் எடுத்ததில் மட்டும் இல்லை. படத்திலும் அவர் தொடக்கத்திலேயே அடிபட்டு ஓரமாகிவிடுகிறார். நாட்டில் இருந்ததே இரண்டு தேசிய அலைவரிசையும் ஒரு மூன்றாம் அலைவரிசையும்தான். ஞாயிறு இரவு குடும்பமாக உட்கார்ந்தவர்களுக்கு, எதிர்பார்த்த நாயகனுக்குப் பதில் பெயர் தெரியாத அமெரிக்கன் வந்தால் கோபம் வரத்தானே செய்யும்? அந்தக் கோபத்தை “ரசனை இல்லாத கூட்டம்” என்று தள்ளும் ஃபுல்லர் ரசிகர்கள் தவறு செய்கிறார்கள். கொடுத்த வாக்கை நிகழ்ச்சி காப்பாற்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, “கதாநாயகன் கிளென் கார்பெட் மரம்.” ஒரு பாதி ஒப்புக்கொள்கிறோம். காதல் காட்சிகளில் அவர் முகம் இறுகித்தான் கிடக்கிறது. நடுப்பகுதி தொய்வதற்கும் அதுவே காரணம். ஆனால் கையில் கிடைத்த ஆளை வைத்து ஒப்பேற்றியதாக எழுதுவது சரியில்லை. கார்பெட்டை 1959-இல் ‘தி கிரிம்சன் கிமோனோ’வில் திரைக்குக் கொண்டுவந்தவரே ஃபுல்லர்தான். தெரிந்தே மறுபடி அழைத்தார். எதிரே நடிக்கும் கிறிஸ்டா லாங் ஃபுல்லரின் மனைவி, ஜெர்மனியில் பிறந்தவர். மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலுக்குத் தூண்டிலாக இருக்கும் பெண்ணாக வருகிறார். கார்பெட் இறுகி நிற்கும் இடங்களில் காட்சியைத் தாங்கிப் பிடிப்பது அவர்தான்.

“சுற்றுலா விளம்பரம் மாதிரி ஊரைக் காட்டுகிறார்” என்பது ஒப்புக்கொள்ள முடியாத குறை. பான் அன்று மேற்கு ஜெர்மனியின் தலைநகர். தூதரகங்கள் நிறைந்த ஊர். அரசியல்வாதிகளையும் ராஜதந்திரிகளையும் மயக்கி, அசிங்கமாகப் படம் பிடித்து மிரட்டும் கும்பலின் கதை வேறெங்கே நடக்கும்? பீத்தோவன் 1770-இல் பிறந்ததும் அதே ஊர்தான். அந்தப் பெயர் வைத்த தெருவில் ஒரு பிணமும் ஒரு செத்த புறாவும் விழுகின்றன. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பதினேழு வயதில் நியூயார்க்கில் குற்றச் செய்தியாளரான ஃபுல்லருக்கு அது ஒரு தலைப்புச் செய்தி. பெரிய எழுத்தில் முதல் வரி, அடுத்த வரியில் பிணம், விளக்கமெல்லாம் கீழே. அவர் காட்சி வெட்டும் முறையும் அதேதான். விளக்கத்துக்காகக் காத்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

“செலவில்லாமல் எடுத்தது” என்பது உண்மை. ஆனால் அது எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று பிரித்து எழுதுங்கள். வெளிச்சம் தட்டையாக விழும் அறைக்காட்சிகள் தொலைக்காட்சி வேகத்தில் எடுத்தவை. தண்டவாளம் போட்டுக் கேமராவை நகர்த்துவதற்கு ஆளும் நேரமும் வேண்டும், ஜூம் லென்ஸுக்கு ஒரு கை போதும். அக்காலத் தொலைக்காட்சிப் படங்களில் ஜூம் மலிந்து கிடப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் யெர்ஸி லிப்மன். போலந்தில் ‘கனால்’, ‘நைஃப் இன் தி வாட்டர்’ படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். கொலோன் கார்னிவல் கூட்டத்துக்குள் அவர் கேமரா நுழையும் இடத்தைக் கவனியுங்கள். அப்படி ஒரு கூட்டத்தைக் காசு கொடுத்துத் திரட்டப் பெரிய ஸ்டூடியோவே யோசிக்கும்.

பெயர்களைக் கவனிக்காமல் படத்தைக் கடுகடுப்பான துப்பறியும் கதை என்று எடைபோடுவதும் நடக்கிறது. வில்லன் பெயர் மென்சூர். ஜெர்மன் மாணவர் சங்கங்களில் முகத்தில் தழும்பு விழும்படி நடக்கும் வாள்சண்டைக்கு அதுதான் பெயர். அடியாள் பெயர் சார்லி உம்லாட். ஜெர்மன் எழுத்துக்கு மேல் வைக்கும் இரண்டு புள்ளி. நடிகை ஸ்டெஃபான் ஓத்ரான் தலைகாட்டும் பாத்திரத்துக்கு டாக்டர் போக்டனோவிச் என்று நண்பரான இயக்குநரின் பெயர். நடிகரும் தொழில்நுட்பக் கலைஞர்களும் கார்னிவல் வேடத்தில் நிற்கும் பெயர்ப் பட்டியலில் ஃபுல்லரே கோமாளி உடையில் நிற்கிறார். விளையாட்டாகத்தான் எடுக்கிறேன் என்று இதைவிட வெளிப்படையாக ஓர் இயக்குநர் சொல்ல முடியாது.

ஒரு காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்வோம். மென்சூர் வாள்வீச்சுக்காரன், ஆன்டன் டிஃப்ரிங் அந்தப் பாத்திரத்தை முதுகு வளையாமல், குரல் உயராமல் செய்கிறார். இறுதி மோதலில் அவன் முறைப்படி வாளை நீட்டுகிறான். எதிரே நிற்கும் அமெரிக்கனுக்கு வாள்வீச்சு வராது. என்ன செய்வான்? சுவரில் அலங்காரமாக மாட்டியிருக்கும் ஆயுதங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிகிறான். கையில் அகப்பட்டதெல்லாம் பறக்கிறது. ஒருவன் விதிப்படி சண்டை போடுகிறான், மற்றவன் விதி தெரியாததாலேயே தப்பிக்கப் பார்க்கிறான். இதில் அபத்தமும் ஆபத்தும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. “சண்டை அமைப்பு மோசம்” என்று எழுதியவர்கள் தேர்ந்த இரண்டு வாள்வீரர்களை எதிர்பார்த்திருக்கிறார்கள். கதைப்படி அங்கே இருப்பது ஒருவன்தான்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் வரிசையாகக் கிடக்கும் அறைக்குள் துப்பாக்கியோடு ஓடிவரும் காட்சியும் அப்படித்தான். அதைப் பிடிக்காதவர்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் “தவறிப்போய் நகைச்சுவையாகிவிட்டது” என்று எழுதாதீர்கள். முதலாம் காலாட்படைப் பிரிவில் நின்று போர் கண்டவர், நாஜி வதைமுகாமைக் கேமராவில் பதிவுசெய்தவர், தளத்தில் ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்குப் பதில் துப்பாக்கியால் சுட்டவர் ஃபுல்லர். துப்பாக்கிச் சத்தம் எந்த அறையில் கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே வைத்தார்.

ஒன்பது கொடுப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. நடுவில் காதல் இணை ஊர் சுற்றும் பகுதி நீளம்தான். முழுப் பதிப்பில் இன்னும் நீளம். மிரட்டல் திட்டத்தில் யார் யாரை ஏமாற்றுகிறார் என்பது இரண்டு இடங்களில் தெளிவாக இல்லை. ‘பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ எடுத்தவர் என்பதற்காக இவற்றை மறைத்தால், அடுத்து பார்ப்பவர் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். எங்கே தொய்கிறது, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அவர் கடைசி வரை இருப்பார்.

எனவே கருத்தின் முதல் வரியில் பதிப்பையும் மொழியையும் நீளத்தையும் எழுதுங்கள். “தொலைக்காட்சிப் பதிப்பு, ஜெர்மன் டப்பிங்” என்று நான்கு சொல்லும் நிமிடக் கணக்கும் போதும். இரண்டையும் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் முழு ஆங்கிலப் பதிப்பை முதலில் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் குழப்பம் மனதில் ஒட்டிக்கொண்டு முழுப் பதிப்பையும் கெடுக்கும். ஆலிவ் ஃபிலிம்ஸ் வட்டிலேயே ராபர்ட் ஃபிஷர் எடுத்த ஆவணப்படமும் இருக்கிறது. அதைப் படத்துக்குப் பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம். தொலைக்காட்சிப் பதிப்பை மட்டும் பார்த்து ஏற்கெனவே மதிப்பெண் போட்டுவிட்டவர்கள் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. எதற்குப் போட்டீர்கள் என்பதைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
இந்தப் படத்தின் பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கும் சில சினிமா ஆர்வலர்கள்