சிமெண்டைக் கொத்தி எடுக்கிறோம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதமும் காசோலையும் வந்து சேர்ந்தன. காசோலையை நம் தேவாலயத் திருப்பணிக் குழுக் கணக்கில் போட்டாயிற்று, ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். மும்பையில் மழை எப்படி? மூட்டுவலிக்கு அந்த ஈரம் ஆகாதே. மருமகள் வேலை மாறியதைக் கேட்டுச் சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அது கிடக்கட்டும்.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். "இவ்வளவு பணத்தைப் பழைய சுவரில் பூசுவதற்கு, இடித்துவிட்டு ஆயிரம் பேர் உட்காருகிற மாதிரி புதுக் கோயிலே கட்டியிருக்கலாமே" என்று எழுதியிருந்தாய். ஊரில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பங்குப் பேரவையில் முதலில் நடந்த பேச்சும் அதுதான். பக்கத்து ஊர்களில் வளைகுடா பணத்தில் எழும்பியிருக்கும் கோபுரங்களைப் பார்த்து நம் ஆட்களுக்கும் ஆசை வந்துவிட்டது. சுவரெல்லாம் உப்புப் பூத்து, பீடத்துக்குப் பின்னால் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக உரிந்து, மழைக்காலத்தில் பாடகற்குழு உட்காரும் இடத்தில் பக்கெட் வைத்துப் பூசை பார்த்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

நம் புதுப் பங்குச் சாமியார் அவசரப்படவில்லை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதையே படிப்பாகப் படித்த ஓர் ஆர்க்கிடெக்ட் பெண்ணை மதுரையிலிருந்து வரவழைத்தார். அந்தப் பெண் ஒரு சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு சுவரெல்லாம் தட்டிப் பார்த்தாள். பிறகு மூன்று இடத்தில் மட்டும் பூச்சைக் கொத்தச் சொன்னாள். உள்ளே செங்கலும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தில் ஊறிக் கிடந்தன, ஆனால் சுவர் ஒரு பக்கமும் சாயவில்லை, பிளக்கவில்லை. "சுவருக்கு ஒன்றும் இல்லை ஐயா, மேலே போட்டிருக்கிற சிமெண்டுதான் வியாதி" என்றாள்.

எனக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியது. சுண்ணாம்பு மூச்சு விடும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்து போய்விடும். சிமெண்ட் அதை விடாது. பிளாஸ்டிக் பையைச் சுற்றிய ரொட்டி மாதிரி சுவர் உள்ளுக்குள் நச நசவென்று ஆகிவிடும். ஈரம் காய வழியில்லாமல் மேலே மேலே ஏறும், அதோடு உப்பும் ஏறும். அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து செங்கலின் முகத்தையே தூளாக்கிவிடும். நாம் சின்னப் பிள்ளைகளாகப் புதுநன்மை வாங்கின காலத்தில் இடுப்பு உயரம் இருந்த ஈரக்கறை இப்போது சுவரில் மேலே மாட்டியிருக்கிற சிலுவைப்பாதைப் படங்களைத் தொட்டுவிட்டதே, காரணம் இதுதான்.

திருநெல்வேலி பக்கம் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்தது 1949-இல். அதற்கப்புறம் நம் பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரையும் குறை சொல்ல முடியாது. சிமெண்ட் மலிவு, சீக்கிரம் இறுகும், திருவிழாவுக்குள் வேலை முடியும். நம் கோயிலுக்குச் சிமெண்ட் பூசியவர்களும் நேர்ச்சையாகத்தான் செய்தார்கள். முன் மண்டபம் கான்கிரீட்டில் வந்தது ஒருவர் மகன் பிழைத்ததற்கு நன்றியாக. தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வந்தது வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் உபயம். அந்த டைல்ஸும் ஒரு வினை: தரையில் வெளியேற வேண்டிய ஈரத்தை அடைத்துச் சுவருக்கு விரட்டிவிட்டது. மக்கா, இந்தக் கோயிலை யாரும் கவனிக்காமல் விட்டுக் கெடுக்கவில்லை. பக்தியினால் கெடுத்தோம், வருஷா வருஷம், பணம் வசூலித்து.

அதனால் இப்போது நடக்கிற வேலையில் பாதி, போட்டதை எடுக்கிற வேலைதான். சிமெண்டைக் கொத்தி எடுக்க டிரில்லிங் மெஷின் வைத்தால் செங்கலும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் உளியும் சுத்தியலும்தான். எடுத்த சுவரை உடனே பூசவும் கூடாது, ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். இதைக் கேட்டதும் ஊர் கொதித்துவிட்டது. கோயிலை உரித்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று டீக்கடையில் பேச்சு. "பாரிஸில் எரிந்துபோன மாதா கோயிலையே 2019-இல் ஆரம்பித்து 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள், உங்களுக்கு ஒரு சுவர் பூச முடியவில்லையா?" என்று ஒரு தம்பி போனைக் காட்டிக் கேட்டான். அங்கே உலகமே பணம் கொட்டியது தம்பி, இங்கே உண்டியல் சில்லறையை எண்ணுவதற்கே ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது என்றேன்.

பூச்சு வேலைக்குக் காரைக்குடி பக்கமிருந்து கொத்தனார்கள் வந்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கைபழகினவர்கள். சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறவிட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீரை அதில் கலக்கிறார்கள். கோயில் வளாகம் முழுக்க ஒரு புளித்த வாசனை. மெய்க்காப்பு பார்க்கிற ஆள் முதல் நாள் யாரோ கள் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று சாமியாரிடம் புகார் சொல்லிவிட்டான். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு வேண்டும் என்றார் பெரிய கொத்தனார். அது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலத்தில் போய் விழுந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியம் ஒவ்வொன்றிலும் முட்டை வசூல் நடந்தது, வெள்ளைக்கரு கோயிலுக்கு, மஞ்சள் கரு யார் வயிற்றுக்கு என்று கேட்காதே.

கூரையைப் பற்றியும் கேட்டிருந்தாய். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, தேக்கு உத்தரத்துக்கு மேல் மெல்லிய செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம், அந்த வகை. இரண்டு உத்தரத்தின் முனைதான் கரையான் தின்றிருந்தது. அந்த முனைகளை மட்டும் வெட்டிப் புது மரம் இணைத்தார்கள். தளம் அடிக்கப் பெண்கள் வந்தார்கள், கையில் மரப்பலகையோடு வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் அடிக்கிற வேலை. ஒழுகவில்லை, இந்த மழையில் பார்த்துவிட்டேன்.

நீ 2024 டிசம்பரில் சவேரியார் உடலைப் பார்க்கக் கோவா போய்விட்டு வந்து, பாம் ஜேசுஸ் கோயிலின் சிவப்புக் கல் சுவரைப் புகழ்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நம் கோயில் சுவரையும் அப்படிப் பூசாமலே விடலாம் என்று ஒரு கட்சி இங்கே கிளம்பியது, அதனால் விசாரித்தேன். 1605-இல் அபிஷேகம் ஆன அந்தக் கோயிலும் கோவாவின் மற்றக் கோயில்களைப் போலச் சுண்ணாம்பு பூசி இருந்ததுதான். 1950களில் போர்ச்சுகலிலிருந்து வந்த பல்தசார் காஸ்ட்ரோ என்ற கட்டடக்கலைஞர், கல் தெரிந்தால்தான் பழமை தெரியும் என்று பூச்சை உரித்துவிட்டார். செம்புறைக்கல் மழையில் கரையும். இப்போது அந்தச் சுவர் அரித்துக்கொண்டே போகிறது. திரும்பப் பூசுவோம் என்றால், சிவப்பாகப் பார்த்துப் பழகினவர்கள் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்கள். ஆக, எடுப்பதிலும் தப்பு நடக்கும். எதை எடுப்பது, எதோடு நிறுத்துவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை முழுவதும்.

உதாரணத்துக்குப் பீடம். ரோமில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, சாமியார் சனங்களைப் பார்த்துப் பூசை வைக்க வேண்டும் என்று நம் ஊரில் பழைய மரப் பீடத்தைப் பிரித்து, கிராதியை அறுத்து, பிரசங்க மேடையை விறகாக்கினார்கள். சங்கமே சொன்னது என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். 1963 டிசம்பரில் வந்த அந்தச் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனத்தைச் சாமியார் எடுத்துக் காட்டினார். பழைய பீடத்தை உடை என்று ஒரு வரியும் அதில் இல்லை. 126-ஆம் பத்தியில், மதிப்புள்ள கோயில் பொருள்கள் கைமாறிப் போகாமலும் அழியாமலும் ஆயர்கள் காக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பீடத்தின் பலகைகள் கொஞ்சம் பழைய உபதேசியார் வீட்டுப் பரணில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்து மறுபடி நிறுத்தலாம் என்கிறார்கள். பூசை இப்போதுள்ள கல் மேசையில்தான் நடக்கும், அதை எடுக்க நான் விடமாட்டேன். சாமியார் முதுகைப் பார்த்துக்கொண்டு லத்தீன் கேட்ட காலம் போதும்.

செபஸ்தியார் சுரூபத்துக்கும் ஒரு ரகளை. திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயிண்ட் அடித்து அடித்து, அவர் முகம் நம் ஊர் பெயிண்டர் முகமாகவே மாறிவிட்டது. இந்த வருஷமும் டப்பாவோடு வந்துவிட்டான். பழமையாலும் கலையாலும் பக்தியாலும் சிறந்த சுரூபத்தை மேலிடத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கக் கூடாது, அனுமதி கொடுக்குமுன் நிபுணரைக் கேட்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1189 சொல்கிறதாம். சாமியார் அதைப் பூசையில் வாசித்துவிட்டார். சட்டத்துக்குப் பயந்து டப்பா திரும்பிப் போனது.

இனி உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று. தெற்குச் சுவரில் சிமெண்டைக் கொத்தும்போது, செங்கல் வைத்து அடைத்த ஒரு சின்ன வாசல் வெளிப்பட்டது. வளைவோடு, குனிந்து நுழைகிற உயரத்தில். எந்தத் தெருக்காரர்கள் அந்த வழியாக வந்து, எந்த மூலையில் நின்று பூசை கண்டார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. வடக்கன்குளம் கதை நமக்குத் தெரியும். புனித தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கின ஊர். அங்கேயே 1872-இல் கட்டின கோயில் இரண்டு கூடமாகப் பிரிந்து பீடத்தில் சேருகிற மாதிரி, சாதிக்கு ஒரு கூடம், நடுவில் சுவர். 1910-இல் அந்தச் சுவரை இடித்ததற்கு வழக்கு நீதிமன்றம் வரை போனது. நம் ஊரில் வழக்கும் இல்லை, பேச்சும் இல்லை. எப்போதோ ஒரு நாள் வாசலை அடைத்துச் சிமெண்டைப் பூசிவிட்டார்கள்.

வரலாற்றை மறைக்கக் கூடாது, அந்த வளைவு தெரிகிற மாதிரி விட்டுவிடுவோம் என்று கூட்டத்தில் நான் பேசினேன். ஆர்க்கிடெக்ட் பெண்ணும் அதையே சொன்னாள். அந்தத் தெருவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், ரிட்டயரான தபால்காரர், எழுந்து, "நல்லாப் பூசுங்க. என் பேத்தி இதுக்குப் பக்கத்துல உக்காந்துதான் ஞாயித்துக்கிழமை பாடுறா. தாத்தா இது என்னன்னு அவ கேக்கணுமா?" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை. அவர் தெருவிலேயே இளைஞர்கள் சிலர், மறைத்தால் நடந்ததே இல்லை என்றாகிவிடும், வாசல் தெரியத்தான் வேண்டும் என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். எனக்கு இப்போது தோன்றுவது, நாமெல்லாம் வாயை மூடிக்கொண்டு அந்தத் தெருக்காரர்கள் தங்களுக்குள் பேசி எடுக்கிற முடிவை அப்படியே செய்ய வேண்டும் என்பது. அந்த ஒரு சுவரை மட்டும் பூசாமல் வைத்திருக்கிறோம்.

டைல்ஸ் விவகாரம் இன்னும் தீரவில்லை. தரையை உடைக்கலாம், ஆனால் "இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று பொறித்த கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. உன் சித்தப்பா பெயரும் ஒன்றில் இருக்கிறது, கோபப்படாதே. சுவரோரமாக மட்டும் ஒரு முழம் அகலத்துக்கு டைல்ஸை எடுத்துவிட்டு, ஈரம் வெளியேற வழிவிட்டால் போதும் என்று சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். பிரித்த பீடம் முழுசாக எப்படி இருந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. மேலே இருந்தது சம்மனசா (தேவதூதரா), புறாவா என்பதற்கே இரண்டு கட்சி. உன் அப்பா அம்மா கல்யாணப் போட்டோ ஒன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததே, பீடத்தின் முன்னால் நின்று எடுத்தது. அது உன்னிடம்தான் இருக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து பிய்க்காதே, ஒட்டிக்கொண்டிருந்தால் கிழிந்துவிடும். ஸ்டுடியோக்காரனிடம் கொடுத்து நல்ல ஸ்கேன் எடு. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தெளிவு போய்விடுகிறது, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லு, உன் பேரனுக்குத் தெரியும். தச்சர் அடுத்த மாதம் வேலை தொடங்குகிறார், அதற்குள் வேண்டும்.

உன் பழைய கூட்டாளி