ஓடையை அளந்து கல் நடுங்கள், அதற்கு அப்புறம் சாலை போடுங்கள்

அனுப்புநர்:
ராயக்கோட்டை சாலைப் பகுதி குடியிருப்போர், ஓசூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி.

பொருள்: எங்கள் நகரை ஒட்டிய ஓடைப் புறம்போக்கை அளந்து எல்லைக் கல் நட்டு, மண் கொட்டி மூடிய பகுதியை மீட்ட பிறகே இணைப்புச் சாலை வேலையைத் தொடங்கக் கோருவது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இந்த இணைப்புச் சாலை வேண்டும் என்று ஏழு வருடமாக மனு கொடுத்தவர்களே நாங்கள்தான். பள்ளி வேன் உள்ளே வராது, ஆம்புலன்ஸ் வந்தால் திரும்ப இடம் கிடையாது, சிப்காட் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் மெயின் ரோட்டில் இறங்கி இருட்டில் நடந்து வர வேண்டும். இப்போதுதான் சாலைக்கு அளவெடுக்க ஆள் வந்தார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சுண்ணாம்புக் கோடு எங்கே போகிறது என்று பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓடையின் மேலேயே போகிறது. ஓடை இருந்த இடத்தில் மூன்றடிக் குழாய் ஒன்றைப் புதைத்து, மேலே கான்கிரீட் போட்டுவிடுவார்களாம். அதனால்தான், நாங்களே கேட்ட சாலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று நாங்களே கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஓடை என்று சொன்னால் இப்போது வருகிற அதிகாரிகளுக்கு நம்பிக்கை வருவதில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது இரண்டடி அகலச் சாக்கடைதான். கிராமக் கணக்கில் எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் அ பதிவேட்டைப் பாருங்கள், "ஓடை புறம்போக்கு" என்று தெளிவாக இருக்கிறது. எஃப்.எம்.பி என்கிற புல அளவு வரைபடத்தின் நகல் வாங்கி நாங்களே அளவு பார்த்தோம். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஓடையின் அகலம் 9 மீட்டர். டேப் பிடித்து அளந்தால் அதே இடத்தில் இன்று முக்கால் மீட்டர்கூட இல்லை. மீதி எட்டு மீட்டர் எங்கே போனது? மேற்கே புதிதாக மனை போட்டவர்கள் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிரவியபோது, கரை எது நிலம் எது என்று தெரியாமல் போய்விட்டது. அவர்கள் வாங்கிய இடத்துக்கு உள்ளேதான் கொட்டினார்களா, புறம்போக்கிலும் கொட்டினார்களா என்பதைச் சர்வேயர்தான் அளந்து சொல்ல வேண்டும். யார் மீதும் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அளந்து பாருங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

ஒரு கல் மட்டும் இன்னும் இருக்கிறது. டீக்கடைக்குப் பின்னால் புங்கமரத்தடியில், பாதி மண்ணுக்குள் புதைந்து, தலையில் அம்புக்குறி வெட்டிய பழைய சர்வே கல். கடைக்காரர் அதன் மேல்தான் தண்ணீர்க் குடத்தை வைப்பார். அந்தக் கல்லிலிருந்து வரைபடத்தில் உள்ளபடி மேற்கே அளந்துகொண்டு போனால், எதிர்க்கரை புதிய மனைகளின் காம்பவுண்டுக்குள் போய் நிற்கிறது. சாலை வேலைக்கு ஜே.சி.பி வந்தால் முதலில் போகப் போவது இந்தக் கல்தான், அது போனால் எங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். தயவுசெய்து அதையாவது முதலில் பாதுகாக்கச் சொல்லுங்கள்.

ஐயா, ஓசூர் வளர்வதற்கு நாங்கள் எதிரி இல்லை. நாங்களே அந்த வளர்ச்சியோடு வந்தவர்கள்தான். சிப்காட்டில் வேலை கிடைத்துத் தர்மபுரி, சேலம், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்து, லோன் போட்டு இங்கே வீடு கட்டினோம். நாங்கள் வந்தபோது சுற்றிலும் ராகியும் ரோஜாத் தோட்டமும்தான். 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேர் இருந்த நகராட்சி, 2019-ல் மாநகராட்சி ஆனது. 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டப்பேரவையில் அறிவித்ததும் எங்கள் பக்கம் காலி மனை தேடி வருகிற கார்களுக்குக் குறைவே இல்லை. வரட்டும், வந்து கட்டட்டும். ஆனால் மேட்டில் விழுகிற மழை பள்ளத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி மறுகால் போனால் அடுத்தது நிரம்பும்படி அமைந்தவை, கடைசியில் தென்பெண்ணையில் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் அது. நடுவில் உள்ள ஓடையை அடைத்தால் அது எங்கள் சமையலறை வழியாகத்தான் போகும்.

போய்க்கொண்டும் இருக்கிறது. போன ஐப்பசியில் ராத்திரி இரண்டு மணி நேரம்தான் மழை. கடைசி வீட்டில் கணவரை இழந்த ஒரு அம்மா தையல் வேலை செய்து பிழைக்கிறார். தண்ணீர் வாசலில் ஏறியது, அப்புறம் கழிப்பறைக் குழாய் வழியாகவும் பொங்கிவிட்டது. மிஷினைக் கட்டில் மேல் தூக்கி வைத்தார். தீபாவளிக்கு வந்திருந்த பிளவுஸ் துணிகள், ஒவ்வொன்றிலும் அளவுச் சீட்டு குத்தி வைத்திருந்தது, அத்தனையும் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப்போயின. யாருக்கு எந்த அளவு என்ற மையும் அழிந்துவிட்டது. அடுத்த நாள் அவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார், துணிக்குப் பணமும் கொடுத்தார். தப்பு அவருடையதா? அந்த வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது, தரையிலிருந்து 22 அங்குலம். நீங்கள் நேரில் வந்தால் காட்டுகிறோம்.

தெருவும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டதில், மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். இணைப்புச் சாலைக்கும் அதே அக்கறை வேண்டும், அதன் மட்டம் எங்கள் வாசலைவிட உயரக் கூடாது.

பெரிய மழை எப்போதாவது வருவதுதானே என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். நம் மாவட்டத்திலேயே 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதையும், ஏரித் தண்ணீர் சாலையில் நின்ற வண்டிகளை உருட்டிக்கொண்டு போனதையும் எல்லோரும் பார்த்தோம். அதில் பாதி ஓசூரில் பெய்தால் அந்த மூன்றடிக் குழாய் என்ன செய்யும்? பிளாஸ்டிக் கவரும் கட்டடக் கழிவும் உள்ளே போய்ச் சிக்கினால், மூடின கான்கிரீட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சட்டம் இல்லை என்பதற்கும் இடமில்லை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து 6-ஆம் பிரிவில் அகற்றலாம். ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு பற்றிய வழக்கு ஒன்றில் 2005-லேயே சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலைகளை மீட்கச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறது. மனு கொடுத்தால் ரசீது கிடைக்கிறது, பிறகு "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வருகிறது. வருவாய்த் துறைக்கும் நகர நிர்வாகத்துக்கும் நடுவில் எங்கள் தாள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. அதனால்தான் வேலைக்கு லீவு போட்டு, 50 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் உங்களிடமே நேரில் கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓடைக் கரையிலேயே ஆறு குடும்பங்கள் தகரக் கொட்டகை போட்டு இருக்கிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எழும்பிய பாதி வீடுகளுக்குச் செங்கல் சுமந்தவர்கள் அவர்கள்தான். ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று வந்தால் முதல் நாளே அந்தக் கொட்டகைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, காம்பவுண்டுச் சுவர்களுக்கு மட்டும் வாய்தா கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அவர்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே நகரச் சொல்லுங்கள். எங்கள் வீடு நனையாமல் இருக்க அவர்கள் தெருவில் நிற்க வேண்டும் என்றால் அப்படிப்பட்ட தீர்வு எங்களுக்கு வேண்டாம், இதை எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் எழுதியிருக்கிறோம்.

ஆகவே, வருவாய்த் துறையும் நகர நிர்வாகமும் ஒரே நாளில் சேர்ந்து வந்து, எங்கள் முன்னிலையில் ஓடையை முழு நீளத்துக்கும் அளக்க உத்தரவிட வேண்டும். எங்கள் தெரு முனையில் மட்டும் அளந்துவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. அளந்த கையோடு கல் நட்டு, கொட்டிய மண்ணை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எடுக்க வேண்டும். சாலையை ஓடைக்குப் பக்கத்தில், கரையை விட்டுத் தள்ளிப் போடலாம். கடக்க வேண்டிய இடத்தில் குழாய் வேண்டாம், ஆள் இறங்கித் தூர் வாருகிற அளவுக்குப் பெட்டிப் பாலம் கட்டுங்கள். அதற்குக் கொஞ்சம் அகலம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆம்புலன்ஸ் திரும்பினால் போதும்.

அ பதிவேட்டு நகல், எஃப்.எம்.பி நகல், மழை நாளில் எடுத்த போட்டோக்கள், 143 பேர் கையெழுத்து எல்லாம் இணைத்திருக்கிறோம். சர்வேயர் எந்த நாள் வருவார் என்று முந்தைய நாள் சொன்னால் போதும். டீக்கடைக்காரர் குடத்தை நகர்த்திக் கல்லைக் காட்டுவார், சங்கிலி பிடிக்கவும் முள் வெட்டவும் எங்கள் தெருப் பையன்கள் நான்கு பேர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ராயக்கோட்டை சாலைப் பகுதி குடியிருப்போர்