பால்மரச் சருகைக் கொளுத்துவானேன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) இலையுதிர்க்கும்போது எங்கள் பாடாங் செராய் வட்டாரத்தில் வாசல் கூட்டிய கையோடு சருகைக் கொளுத்திவிடுகிறோம். பிறகு அதே வீட்டுக்காரர் நர்சரிக்குப் போய் மிளகாய்ச் செடிக்கு மூட்டை உரம் வாங்குகிறார்!

அந்தச் சருகையே சமையலறைக் கழிவோடு மக்கவைத்து வீட்டில் உரம் தயாரிக்கலாம்; நாறும் என்று பலர் ஒதுங்குகிறார்கள். ஈரம் மிகுந்து காற்று புகாவிட்டால்தான் நாற்றம். அடியில் துளையிட்ட பழைய வாளி போதும். காய்கறித் தோல் ஒரு பங்கென்றால் சருகு இரண்டு, மூன்று பங்கு. வாரம் ஒருமுறை கிளற வேண்டும். நம்மூர் வெக்கைக்கு மூன்று மாத வாக்கில் மண்வாசனையோடு கறுத்துவிடும். மீன் முள், இறைச்சி வேண்டாம், எலி வரும். மூடி அவசியம், மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டப்படி கெடாவில் 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்தே வைக்க வேண்டும். ஆனால் சமையலறைக் கழிவு இன்னும் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. ஆலய நிர்வாகங்கள் குவியும் மாலைகளையும் வாழையிலைகளையும் (நூலை உருவிவிட்டு) உரமாக்கத் தொடங்கட்டும். தாமான்காரர்கள் (குடியிருப்புவாசிகள்) தாமாகப் பின்தொடர்வார்கள்.

வாசகர்,
பாடாங் செராய், கெடா