நடைப்பயிற்சியும் காலை டிபனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடைப்பயிற்சியின் நன்மைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் சாப்பாட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலையில் வந்து பாருங்கள். வியர்க்க விறுவிறுக்க நடக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். நடந்து முடித்ததும் அவர்களில் பலர் நேரே ஓட்டலுக்குப் போகிறார்கள். நெய் வழியும் வெண்பொங்கல், மெதுவடை, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. கேட்டால், “அதான் நடந்தாச்சே சார்!” என்கிறார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். அந்த ஒரு டிபனில் உள்ளே போவது 400-ஐத் தாண்டும். அப்புறம் எடை எப்படிக் குறையும்?

நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வெறும் பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் நடந்து, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். மாத்திரைக்குச் சமமான ஒன்று நம் காலிலும் தட்டிலும் இருக்கிறது!

இன்னொரு ரகத்தினரும் உண்டு. பயிற்சி எதுவும் செய்யாமல் பட்டினி கிடந்தே இளைப்பவர்கள். குறிப்பாக, காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் கல்லூரிப் பெண்கள். கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது போனால் எடை குறைந்தும் தெம்பு இருக்காது.

வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு ஜிம் தேவையில்லை. இளைஞர்களுக்குத் தண்டாலும் பஸ்கியும் போதும். வயதானவர்கள் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழலாம். மூட்டுவலி, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

அந்தத் தசைக்குப் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம். மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னியில் அதன் சிறு பங்குதான் கிடைக்கும். ஓர் இட்லியைக் குறைத்து இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ சேர்த்தால் நிலைமை மாறும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, அன்றாடக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மூன்று வேளையும் அரிசியே சாப்பிடும் வீடுகளில் இது நடக்காத காரியம்.

2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியதை மனதாரப் பாராட்டுகிறேன். அந்தப் பாதைகளின் ஓரத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கடை ஒதுக்கி, சுண்டல், முளைகட்டிய பயறு, அவித்த முட்டை, கம்பங்கூழ் விற்கச் செய்தால் என்ன? அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உடற்பயிற்சியை ஒரு பக்கத்திலும் சமையல் குறிப்பை வேறொரு பக்கத்திலும் போடுகிறீர்கள். மாதம் ஒரு முறையாவது இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரு மருத்துவரையும் ஊட்டச்சத்து நிபுணரையும் சேர்த்து எழுதச் சொல்லி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மதுரை.